மான்புள்ளி ரோல் கேக்

ரோல் கேக் வெடித்துவிட்டால் எல்லோரும் முதலில் ஓவனைத்தான் குறை சொல்வார்கள். அது அநியாயம். பெரும்பாலும் சுற்றியவருடைய கைதான் காரணம். சூடு ஆறும்வரை பேசாமல் நின்றுவிட்டு, பிறகு அவசரப்பட்டுச் சுற்றியிருப்பார். ஓவனுக்கு வாய் இல்லாதபடியால் பழி அதன் தலையில் விழுகிறது.

மஹ்ரூப் ஐயா, நீங்கள் திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற முறையில் சென்ற திங்கட்கிழமை எங்கள் விறாந்தைக் கதிரையில் இருந்தபடி, என் கணவர் தம்பிராசா இறந்ததைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதித் தரும்படி கேட்டீர்கள். இரண்டு பக்கம் போதும் என்றீர்கள். கிட்டத்தட்ட ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்பது உங்கள் முகத்திலேயே தெரிந்தது. அவருக்கு இன்சுலின் ஊசி போட்டவள் என் மச்சாள் அஞ்சலினா, அவருடைய ஒரே தங்கச்சி. அவளுடைய வலது கண்ணில் வெண்புரை. ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்தபோது அவருடைய சீனி இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

போதாததற்கு அவளே முற்றத்தில் நின்று, தன் கண்தான் அண்ணனைக் கொன்றது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். தெரு முழுவதும் அவளுக்குச் சோடா உடைத்துக் கொடுக்கிறது. ஒருத்தி விசிறுகிறாள், ஒருத்தி முதுகைத் தடவுகிறாள். செத்தவருடைய மனைவி நான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் அஞ்சலினா சரியாகத்தான் ஊசி போட்டாள். கிளினிக் கார்ட்டில் முப்பத்தாறு அலகு என்று எழுதியிருந்தது. முப்பத்தாறுதான் போட்டாள். வெண்புரை இருந்தாலும் அவள் ஊசியை வெளிச்சத்துக்குப் பிடித்து, மூன்று தடவை பார்த்து, என்னையும் பார்க்கச் சொல்லித்தான் குத்துவாள். ஆகவே உண்மையை எழுத இரண்டு பக்கம் காணாது. கடையில் ஒரு தடித்த சீஆர் கொப்பி வாங்கி வந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டாரும் என்னிடம் இரண்டு தடவை கேக் வாங்கியவர்கள்தான். பேரனுடைய பிறந்தநாளுக்குப் பிறையும் நட்சத்திரமும் போட்ட ரோல் கேக், ஞாபகமிருக்கும். அந்தப் பிறையை மேலே ஒட்டியது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒட்டவில்லை. அது கேக்கின் தோலிலேயே வெந்தது. ஜப்பான்காரருடைய முறை அது. முதலில் பேக்கிங் தாளில் சித்திரத்தை மாக்கலவையால் வரைய வேண்டும். வரைந்த தாளைத் தட்டோடு பிரிட்ஜின் மேலே உள்ள ஐஸ் பெட்டிக்குள் வைத்து இறுக விட வேண்டும். இறுகிய பிறகு அதன்மேல் மற்றக் கலவையை ஊற்றி ஓவனில் வைக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துக் கவிழ்த்துத் தாளை உரித்தால் சித்திரம் கேக்கோடு சேர்ந்து நிற்கும். பிறகு சூட்டோடு சூடாகத் துணித் துவாயில் சுற்றி, ஆறிய பிறகு விரித்து, கிரீம் பூசித் திரும்பவும் சுற்றி, ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் கத்தி வைத்தால் எல்லாம் பாழ்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவள் யூடியூபில் வருகிற ஒரு ஜப்பான் பெண். முகம் காட்டமாட்டாள். இரண்டு கைகள் மட்டும் வரும். ஒரு வார்த்தை பேசமாட்டாள். என் ஐம்பத்து நாலு வயதில் எனக்குப் புத்திமதி சொல்லாமல் ஒன்றைச் சொல்லித் தந்த ஒரே ஆள் அவள்தான். முதல் எட்டுக் கேக்கும் வெடித்தன. வேலியோரம் கொட்டினேன். எங்கள் திருகோணமலையில் ஊர் சுற்றுகிற மான்கள் வந்து தாளோடு சேர்த்துத் தின்றுவிட்டுப் போயின. ஒன்பதாவது கேக் வெடிக்கவில்லை.

அதன் பிறகு உப்புவெளி விருந்தினர் விடுதிகளில் இருந்தும் கேட்டார்கள், அன்புவழிபுரத்தில் இருந்தும் கேட்டார்கள். பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குத் தாமரை, புதுநன்மைக்குத் திராட்சைக் குலை, கடற்படை ஆபீசருடைய மகனுக்கு நங்கூரம். அதுவரைக்கும் நான் தம்பிராசாவின் மனைவி, அதற்கு முன்னர் அந்தோனியின் மகள். இப்போது கிறிஸ்டின் கேக் என்று ஒரு சொல் ஊருக்குள் நடமாடத் தொடங்கியது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த வாக்குமூலத்துக்கு அர்த்தமில்லை.

தம்பிராசாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். பெரிய பெரிய கப்பல்களை இழுத்து வந்து கட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு இழுப்பதற்குக் கப்பல் இல்லாமல் என்னை இழுக்கத் தொடங்கினார். குசினிக்குள் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, ஓவன் சூட்டைப் பற்றியும் முட்டை அடிக்கிற வேகத்தைப் பற்றியும் கட்டளை கொடுப்பார். வாழ்க்கையில் ஒரு முட்டை உடைத்தவரில்லை. நல்ல மனுசன் என்று ஊரே சொல்லும், சரிதான். யார் தொலைபேசியில் கேக் கேட்டாலும் எனக்கு முன்னர் எடுத்து, எங்கட கேக் வெடிக்காது, நாங்கள் விசேஷமான முறையில் செய்யிறனாங்கள் என்பார். வெட்டித் தள்ளுகிற இரண்டு ஓரத்துண்டுகளைத் தின்பதுதான் அந்த நாங்களில் அவருடைய பங்கு.

அதுவும் தின்னக்கூடாத ஆள். பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, எங்கள் பக்கத்தில் ஆணுக்குச் சீனி வந்தால் பேச்சு வாங்குவது மனைவி. கிளினிக்கில் இரத்தத்தை அவரிடம் எடுப்பார்கள், புள்ளியை எனக்குப் போடுவார்கள். கூடினால் என்ன சமைத்தீர்கள் என்று என்னைக் கேட்பார்கள். குறைந்தால் ஐயா நல்லாக் கட்டுப்பாடாக இருக்கிறார் என்பார்கள். பதினொரு வருடம் இந்தப் பரீட்சை எழுதினேன். மோசமாக எழுதவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் நான்கு கேக் கேட்டிருந்தார்கள். அன்று மத்தியானம் கரண்ட் போகும் என்று அறிவித்தும் இருந்தார்கள். எங்கள் பிரிட்ஜ் பழையது, ஒற்றைக் கதவு. கிரீம் பெட்டிகள் கதவுத் தட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டன. அங்கே இருந்த, இன்னும் உடைக்காத இன்சுலின் போத்தல்களை எடுத்து ஐஸ் பெட்டியின் மூலையில் வைத்தேன். குளிரில் வைக்கிற மருந்து, கரண்ட் இல்லாத நேரம் ஐஸோடு இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். நல்லெண்ணத்தோடு வைத்தேன் ஐயா, இந்தக் கதையில் நல்லெண்ணத்தோடு நடந்த காரியங்கள் குறைவு, ஆகவே இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. எடுத்துக் கதவில் வைத்தேன். கரைந்தன. பார்வைக்கு முன்னரைப் போலவே பால் நிறமாக இருந்தன. அஞ்சலினா மட்டும் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து, "மச்சாள், இதுக்குள்ள ரவை மாதிரி என்னவோ கிடக்கு" என்றாள். உள்ளங்கையில் வைத்து உருட்டச் சொன்னேன். உருட்டினாள். என் சொல்லைத் தட்டமாட்டாள், அவளிடம் உள்ள குறை அது ஒன்றுதான். இதை அவள் உங்களிடமும் சொன்னாள். ஒரு கிழவியின் புலம்பல் என்று நினைத்து நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

கிறிஸ்மசுக்கு முதல் வாரம் கிளினிக். சீனி நானூற்றுப் பத்து. அங்கே சுலோஜனா மிஸ்ஸி என்று ஒரு தாதி இருக்கிறா, வரிசையில் நிற்கிற கடைசி ஆளுக்கும் கேட்கிற குரல். கார்ட்டைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"வீட்டில கேக் சுட்டு விக்கிறனீங்களாமே. இந்த மனுசனைக் கொல்லப் போறீங்களோ?"

அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் பத்துப் பேராவது என் கேக் சாப்பிட்டவர்கள். தம்பிராசா பக்கத்தில் ஒரு குழந்தையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நான் ஓரத்துண்டு இரண்டுதான் தின்றனான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் இருபது அலகு ஊசியை இருபத்தெட்டாகக் கூட்டினார். திரும்பி வருகிற வழியில், ஓட்டோவுக்குள் வைத்து, அவர் தீர்ப்புச் சொன்னார்.

"வருசத்தோட கேக்கை நிப்பாட்டுவம். ஓவனைச் சிஸ்டர்மாற்ற மடத்துக்குக் குடுப்பம். அவையளுக்காவது உதவும்."

நிப்பாட்டுவமாம். அங்கேயும் நாங்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், கேக் கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்து, டாக்டர் மறித்துவிட்டார், இனிக் கேக் இல்லை என்று சொன்னார். தியாகம் செய்கிறவருடைய குரலில் சொன்னார். எல்லோரும் அவரைத்தான் பாராட்டியிருப்பார்கள்.

அன்று பின்னேரம் இன்சுலின் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுக் கடதாசியை எடுத்து வாசித்தேன். பதினொரு வருடத்தில் முதல் தடவை. மூன்று மொழியிலும் இருந்தது, தமிழ் கடைசியாக. உறைய விடக்கூடாது, உறைந்தால் மருந்து பலனற்றுப் போகும், பாவிக்க வேண்டாம். அப்போதுதான் விளங்கியது. கேக் ஒரு பிழையும் செய்யவில்லை. ஐஸ் பெட்டி செய்தது. அதாவது நான்.

நல்ல மனைவி என்றால் அடுத்த நாளே கிளினிக்குக்குப் போய், மிஸ்ஸி, பிழை என்னுடையது, மருந்தை உறைய விட்டுவிட்டேன் என்று சொல்லியிருப்பாள். அறுபது பேருக்கு முன்னால். சுலோஜனா மிஸ்ஸியின் அந்தக் குரலில் அதற்கு என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஏலாது என்று விளங்கியது. ஓவன் போனாலும் பரவாயில்லை, அந்தப் பேச்சை இன்னொரு தடவை கேட்க ஏலாது. பிறகு யோசித்தபோது, ஓவனும் போகத் தேவையில்லை என்று தோன்றியது.

கணக்கு மிகச் சுலபம் ஐயா. கேக்தான் சீனியைக் கூட்டியது என்கிறார்கள். சரி, கேக்கை நிறுத்திப் பார்ப்போம். நிறுத்திய பிறகும் சீனி குறையாவிட்டால் கேக் குற்றவாளி இல்லைத்தானே. நீங்களும் விசாரணைகளில் இப்படித்தான் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வருவீர்கள். குறையாமல் இருப்பதற்கு நான் பெரிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. கிளினிக்கில் புதிதாகத் தந்த போத்தல்களை ஒரு நாள் ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்தேன். தைமாதத்துப் போத்தல்களையும் அப்படியே வைத்து எடுத்தேன்.

ஓவனை மடத்துக்குக் கொடுப்பதைத் தவக்காலம் முடியட்டும் என்று சொல்லித் தள்ளி வைத்தேன். சிஸ்டர்மாருக்கு அவசரம் இருக்கவில்லை. இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்குள் ஒரு கரண்டி சீனி வரவில்லை. குரக்கன் புட்டு, வல்லாரைச் சம்பல், பால் இல்லாத தேநீர். என்னை விடக் கவனமாக ஒரு நோயாளியைப் பார்த்த மனைவி இந்தத் திருகோணமலையில் இருந்திருக்க முடியாது, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். தம்பிராசா மெலிந்தார். எந்த நேரமும் தண்ணீர் கேட்டார். மாசி மாதம் இடது காலில் ஒரு புண் வந்து ஆறவில்லை, ஒரு விரலை எடுத்தார்கள். அது எனக்கு மனவருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பாதியில் நிறுத்தியிருந்தால் அந்த விரலும் வீணாகப் போயிருக்கும்.

விரல் போன பிறகு அவர் நல்ல பிள்ளையாகிவிட்டார். குசினிக் கதிரையில் இருந்து கட்டளை கொடுப்பதை விட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அஞ்சலினா காலையும் மாலையும் வந்து ஊசி போட்டுவிட்டு, அவருடைய காலை மடியில் வைத்து மருந்து கட்டுவாள். கட்டும்போது அழுவாள். போத்தலை உருட்டு, நன்றாக உருட்டு என்று நான் ஒவ்வொரு நாளும் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

பங்குனித் தொடக்கத்துக் கிளினிக்கில் சீனி முந்நூற்றுத் தொண்ணூறு. இரண்டு மாதமாகக் கேக் இல்லை, சீனி இல்லை என்று அஞ்சலினாவே சாட்சி சொன்னாள். டாக்டர் தலையைச் சொறிந்தார். கேக்கில் பிழை சொல்ல முடியாது, வருத்தம் முற்றிவிட்டது என்றார். ஊசியை முப்பத்தாறாகக் கூட்டி எழுதினார். சுலோஜனா மிஸ்ஸி என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு, அன்றைக்கு ஆட்களுக்கு முன்னால் பேசியதற்குக் குறை நினைக்க வேண்டாம் என்றா. பேச்சு அறுபது பேருக்கு முன்னால், மன்னிப்புக் கதவைச் சாத்திக்கொண்டு. ஆனாலும் மன்னிப்புத்தான். அத்தோடு விடவில்லை. வெள்ளிக்கிழமை தன்னுடைய மகளுக்குப் பத்து வயது, மான்புள்ளி போட்ட ரோல் கேக் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டா. மகளுக்கு மான் என்றால் உயிராம்.

என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான நாள் இருக்கவில்லை. கலியாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வழக்கில் வென்ற பிறகு நான் பழிவாங்கிக்கொண்டு இருக்கவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று தந்த புதிய போத்தலை ஐஸ் பெட்டிக்குக் கிட்டவும் கொண்டுபோகவில்லை. பிரிட்ஜ் கதவில், கடதாசியில் சொல்லியிருக்கிறபடி, ஒழுங்காக வைத்தேன். பழைய போத்தல் வியாழக்கிழமை மாலையோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை புதியதை உடைத்தோம்.

இப்போது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பீர்கள். முப்பத்தாறு என்பது செத்த மருந்தைப் பார்த்து எழுதிய அளவு. உயிருள்ள மருந்தில் அவருக்கு இருபதே போதும், அதுவும் இரண்டு மாதமாகக் குரக்கனும் கீரையுமாக மெலிந்திருக்கிற உடம்புக்கு இருபதும் கூட. அது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். குறைத்துப் போடும்படி அஞ்சலினாவிடம் சொல்லலாம்தான். ஏன் என்று அவள் கேட்பாளே. ஒரு ஏனுக்குப் பதில் சொன்னால் டிசம்பர் வரைக்கும் பின்னால் போக வேண்டும்.

அந்த வெள்ளி தவக்காலத்து வெள்ளி. நோயாளிகள் ஒறுத்தல் இருக்கத் தேவையில்லை என்று பங்குச் சுவாமி ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். தம்பிராசா ஒவ்வொரு வருடமும் கேட்கமாட்டார். வெள்ளியில் மத்தியானம் வரைக்கும் வெறும் தேநீர்தான். மற்ற வருடங்களில் நான் சண்டை பிடித்து இரண்டு துண்டு பாணாவது தின்ன வைப்பேன். அன்று காலை ஆறரைக்குச் சுலோஜனா மிஸ்ஸி தொலைபேசி எடுத்து, பதினொன்றரைக்கு வந்து கேக்கை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறா. அழைப்பை எடுத்தவர் தம்பிராசா. நான் கோழிக்கூட்டடியில் நின்றேன். யன்னலுக்குள்ளால் எனக்குக் கேட்டது.

"ஓம் மிஸ்ஸி, நாங்கள் எல்லாம் ஆயத்தம் பண்ணிப்போட்டம். எங்கட கேக்கைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ."

இரண்டு மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசனுக்கு அந்த நாங்கள் எங்கிருந்து திரும்பி வந்தது என்று தெரியவில்லை. அதே கம்பீரம், அதே குரல். ஓவனை மடத்துக்குக் கொடுக்கத் துணிந்ததும் அதே வாய்தான். எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உள்ளே வந்து அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சீனி போடாமல்.

ஏழரைக்கு அஞ்சலினா வந்தாள். ஊசி போட்டு அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒவ்வொரு நாளும் குத்துவதற்கு முன்னர் ஒரே கேள்வியைக் கேட்பாள். அன்றும் கேட்டாள்.

"சாப்பாடு றெடியோ மச்சாள்?"

"ஓம். மேசையில கிடக்கு. நீர் குத்திப்போட்டுப் போம்."

மேசையில் இருந்தது முட்டையும் மாவும். அவை சாப்பாடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவள் ஊசியை வெளிச்சத்துக்குப் பிடித்து, மூன்று தடவை பார்த்து, எனக்கும் காட்டினாள். சரி என்றேன். குத்திவிட்டுப் பூசைக்குப் போனாள். அவள் செய்தது அவ்வளவுதான் ஐயா. உங்கள் புத்தகத்தில் அவளைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரியும் வரக்கூடாது.

மான்புள்ளிக்கு முதலில் வெள்ளைப் புள்ளிகளைத் தாளில் வைக்க வேண்டும், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல். மானின் முதுகில் கோடு பிடித்த மாதிரியா புள்ளி இருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் புள்ளி. ஐஸ் பெட்டியில் இருபது நிமிடம். பிறகு கொக்கோ கலந்த மாவை மேலே ஊற்றி ஓவனுக்குள் வைத்தேன். அப்போது ஒன்பதே முக்கால் இருக்கும். தம்பிராசா தன் கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. ஓவன் சூடு என்று நினைத்திருப்பார்.

கேக்கை எடுத்துக் கவிழ்த்துத் தாளை உரித்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே துவாயை விரித்தேன். அவர் ஏதோ சொன்னார், முதல் தடவை எனக்குக் கேட்கவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையும் கதிரைக் கையில் தாளம் போட்டன.

"ஒரு துண்டு தாருமன் கிறிஸ்டின். எனக்கு என்னவோ செய்யுது."

"உங்களுக்கு இனிப்புக் கூடாது" என்றேன்.

பதினொரு வருடமாக டாக்டரும் மிஸ்ஸியும் ஊரும் சேர்ந்து என் வாயில் ஏற்றிய வசனம் அது. ஒரு நாளாவது அதைச் சரியாகச் சொன்னேன். இனிமேல் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன், சீனி இறங்குகிற அடையாளங்கள் எனக்குத் தெரியுமா என்று. வேர்வை, நடுக்கம், புலம்பல், உடனே சீனித் தண்ணீர் கொடுக்கவும். கிளினிக்கில் தந்த தாள் பிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. அதைத் திறந்து மூடும்போதெல்லாம் வாசிப்பேன்.

கிரீம் பூசித் திரும்பச் சுற்றிப் பிரிட்ஜில் வைத்தபோது பத்து இருபது. ஒரு மணி நேரம் கத்தி வைக்கக்கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன். அவர் அதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டுக் கதைக்கத் தொடங்கினார். என்னோடு அல்ல, படகில் இருந்த யாரோடோ. கயிறைத் தளர்த்து, தளர்த்து, கப்பல் அடிக்கப் போகுது என்றார். பிறகு தலை ஒரு பக்கம் சாய்ந்தது. குறட்டை மாதிரி ஒரு மூச்சு வந்துகொண்டிருந்தது.

பதினொன்று இருபதுக்குக் கேக்கை எடுத்து இரண்டு ஓரத்தையும் வெட்டினேன். வெடிப்பு இல்லை. ஓரத்துண்டு தின்ன ஆள் இல்லாதபடியால் நானே தின்றேன். இத்தனை வருடத்தில் அன்றுதான் என் கேக்கின் ஓரத்தை நான் ருசி பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

சுலோஜனா மிஸ்ஸி சொன்ன நேரத்துக்கு வந்தா. வாசல் படலையடியில் வைத்துப் பெட்டியைத் திறந்து காட்டினேன். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, உண்மையான மான்தோல் மாதிரி இருக்கிறது என்றா. ஐயா எங்கே என்று கேட்டா. நித்திரை என்றேன். குசினிக்கும் படலைக்கும் இடையில் பதினைந்து அடி இருக்கும். இருபத்தாறு வருடம் அனுபவமுள்ள தாதி, கைப்பையில் குத்திப் பார்க்கிற மிசினும் வைத்திருந்தா. எழுப்ப வேண்டாம், பாவம் என்று மெல்லக் கதைத்துவிட்டுப் போனா. அவருக்கு அவ குரலைத் தாழ்த்தியது அது ஒரு நாள்தான். இதை அவவிடம் சொல்ல வேண்டியதில்லை, தாங்கமாட்டா.

மிஸ்ஸியின் ஸ்கூட்டர் சந்தி திரும்பிய பிறகு ஓட்டோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் சீனி இருபத்திரண்டு என்றார்கள். ஊசிக்கு மேல் ஊசி ஏற்றிப் பார்த்தார்கள். பின்னேரம் நான்கு மணிக்குச் செத்துப்போனார். அஞ்சலினா ஓடி வந்து, நான் கூடக் குத்திப்போட்டன், என்ர கண் தெரியாமல் குத்திப்போட்டன் என்று டாக்டருடைய காலைப் பிடித்தாள். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். களைத்துப் போயிருந்தேன்.

அவள் சாப்பிடுவதில்லை என்கிறார்கள். கண்ணை எடுத்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேட்டாளாம். நீங்கள் உங்கள் அறிக்கையில் அவளுடைய பெயரை எழுதினால் அவள் அதை நம்பிக்கொண்டே சாவாள். அவள் மேல் எனக்கு அவ்வளவு பெரிய பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருத்தி செய்த வேலைக்கு இன்னொருத்தி உரிமை கொண்டாடுவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. எங்கள் வீட்டில் அது போதும் போதும் என்கிற அளவுக்கு நடந்துவிட்டது.

இதையெல்லாம் வாசித்த பிறகும் நீங்கள் என் பக்கம் சாய்ந்து ஒரு காரணம் தேடுவீர்கள் என்று நினைக்கிறேன், நீங்கள் நல்ல மனுசன். கேக் வேறு ஒருவருக்குச் செய்தது, வெட்ட முடியாமல் போயிருக்கும், இரண்டு மாதமாகச் சீனி வாங்காத வீட்டில் அந்த நேரத்தில் அவசரத்துக்குக் கொடுக்க வேறு இனிப்பு இருந்திருக்காது என்று எழுதப் பார்ப்பீர்கள். எழுத வேண்டாம். கேக்குக்காக முதல் நாளே சீனி வாங்கிவிட்டேன். சூடான கேக் துவாயில் ஒட்டாமல் இருப்பதற்கு அரைத்த சீனி தூவ வேண்டும். அவர் முதல் தடவை கேட்டபோது நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். டின் திறந்திருந்தது, கரண்டி நிறையச் சீனி என் கையில் இருந்தது, அவருடைய வாய்க்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. துவாய் முழுவதும் சீராகத் தூவி முடித்தேன்.